அறிவியல் படிக்காதவர்கள் கடினமான அறிவியல் பத்திகளைப் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் படித்தது வரலாறு. பிழைப்புக்காகப் பிழைதிருத்தும் வேலைக்குப் போனேன். அறிவியல் கட்டுரைகளும் பாடப் பகுதிகளும் என் மேசைக்கு வர ஆரம்பித்தன. முதல் சில மாதங்கள் ஒற்றுப்பிழையை மட்டும் பார்த்துக்கொண்டு, என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் பக்கங்களைத் தள்ளிவிட்டேன். ஒரு நாள், 'அதிகரிக்கிறது' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'குறைகிறது' என்று அச்சாகிவிட்டது. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை, பொருள்தான் தலைகீழ். வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் அறிவியல் பத்தியை எப்படிப் படிப்பது என்று நானாகத் தேட ஆரம்பித்தேன். என்னைப் போலவே அறிவியல் பக்கம் போகாதவர்கள் அப்போதிலிருந்து என்னிடம் கேட்டுவரும் கேள்விகள் இவை.

எனக்கு அறிவியல் அடிப்படையே கிடையாது. நிஜமாகவே புரிந்துகொள்ள முடியுமா?

முடியும். ஆனால் "உத்தி தெரிந்தால் போதும், பின்னணி அறிவே வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 64 பள்ளி மாணவர்களிடம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வருணனையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களாக இருந்தாலும் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். விஷயம் தெரிந்தவருக்கு அவ்வளவு பெரிய அனுகூலம் இருக்கிறது.

சரி, அப்படியானால் நாம் மூட்டை கட்டிவிட வேண்டியதுதானா? இல்லை. தேர்வுக்காகவோ பொது வாசகருக்காகவோ எழுதப்பட்ட பத்தி, தனக்குத் தேவையானதில் பெரும்பகுதியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். ஒரு சொல்லைப் போட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே அது என்ன செய்கிறது என்று சொல்லியிருப்பார்கள். அந்த அடுத்த வரிக்குப் போகாமல் நாம் சொல்லிலேயே தடுக்கி விழுகிறோம். பத்தி எதைத் தருகிறது, எதை நமக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதி வேலைக்குக் கொஞ்சம் பின்னணி சேர்த்துத்தான் ஆக வேண்டும். கடைசிக் கேள்வியில் அதற்கு வருகிறேன்.

ஒவ்வொரு சொல்லும் தெரிகிறது, மொத்தமாகச் சேர்த்தால் ஒன்றும் புரியவில்லை. ஏன்?

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு. 1972இல் பிரான்ஸ்ஃபோர்டும் ஜான்சனும் சிலருக்கு ஒரு பத்தியை வாசித்துக் காட்டினார்கள். பொருள்களைக் குவியல்களாகப் பிரிக்க வேண்டும், ஒரே தடவையில் அதிகமாகச் செய்யக் கூடாது, முடிந்ததும் மறுபடி பிரித்து அதனதன் இடத்தில் வைக்க வேண்டும் என்று போகும். ஒரு கடினமான சொல்கூடக் கிடையாது. கேட்டவர்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பத்தியின் தலைப்பு 'துணி துவைத்தல்'. அதை முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு விஷயங்களை நினைவில் வைத்திருந்தார்கள். வாசித்து முடித்த பிறகு தலைப்பைச் சொன்னால் பலனே இல்லை.

ஆகவே சொற்களுக்கு முன்னால் தேட வேண்டியது தலைப்பை. பத்தியின் மேல் அச்சிட்டிருக்கும் தலைப்பைச் சொல்லவில்லை, "இந்தப் பத்தி எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது?" என்பதுதான் உண்மையான தலைப்பு. முதல் வரியையும் கடைசி வரியையும் படித்துவிட்டு அந்தக் கேள்வியை ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, படிக்கப் படிக்கத் திருத்திக்கொள்ளலாம்.

அறிவியல் பத்திகளின் கதை வகைகள் அப்படியொன்றும் அதிகமில்லை என்பது நமக்கு ஆறுதல். ஒன்று எப்படி இயங்குகிறது என்று சொல்வது ஒரு வகை. ஒரு நிகழ்வுக்கு இரண்டு விளக்கங்கள் மோதிக்கொள்வது இன்னொன்று. பழைய நம்பிக்கை கவிழ்ந்த கதை அடிக்கடி வரும்: இரைப்பைப் புண்ணுக்கு மன அழுத்தமும் அமிலமும்தான் காரணம் என்று நம்பியிருந்தார்கள், பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் பாக்டீரியா என்றார்கள், 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார், 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. "நீண்ட காலமாக... எனக் கருதப்பட்டு வந்தது" என்று ஒரு பத்தி ஆரம்பித்தாலே, கவிழப்போகிறது என்று நிமிர்ந்து உட்காரலாம்.

தெரியாத சொல் வந்தவுடன் அகராதியைப் பார்க்கலாமா?

முதல் வாசிப்பில் வேண்டாம். அகராதி ஒரு தெரியாத சொல்லுக்கு மூன்று தெரியாத சொற்களைக் கொடுக்கும். அவற்றைத் துரத்திக்கொண்டு போய்த் திரும்பும்போது, எந்த வாக்கியத்தில் இருந்தோம் என்பதே மறந்திருக்கும். ஒரே சமயத்தில் மனதில் பிடித்து வைத்திருக்கக்கூடிய புதுத் துண்டுகள் சுமார் நான்குதான் என்று நினைவாற்றல் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்த நான்கில் மூன்றை அகராதிக்குக் கொடுத்துவிட்டால் பத்திக்கு என்ன மிஞ்சும்?

நான் செய்வது இது: சொல்லைச் சுற்றி ஒரு பெட்டி வரைவேன். அதன் பொருள் என்ன என்று கேட்காமல், இந்தப் பத்தியில் அதன் வேலை என்ன என்று கேட்பேன். "எதையோ உடைக்கிறது", "வெப்பம் ஏறினால் குறைகிறது", "செல்லுக்குள் இருக்கிறது" என்று இரண்டு மூன்று சொற்களில் பெட்டிக்கு மேலே எழுதுவேன். பல நேரம் அந்தக் குறிப்பே போதும். பத்தி முடிந்த பிறகும் எந்தப் பெட்டி காலியாக இருக்கிறதோ, அதற்கு மட்டும் அகராதி. பத்துச் சொற்களில் ஒன்றிரண்டுதான் அப்படி மிஞ்சும்.

ஒரு பத்தியை எடுத்து நீங்களே படித்துக் காட்ட முடியுமா?

காட்டுகிறேன். இது வேண்டுமென்றே கரடுமுரடாக நானே எழுதியது:

"நடுக்கடல் முகட்டின் அச்சில் உமிழப்படும் பசால்ட் குழம்பு, கியூரி வெப்பநிலைக்குக் கீழ் குளிர்வுறும்போது, அதிலுள்ள மேக்னடைட் படிகங்கள் அக்காலப் புவிக்காந்தப் புலத்தின் திசையில் எஞ்சு காந்தத்தன்மையைப் பெறுகின்றன. புவிக்காந்தப் புலத்தின் தலைகீழாக்கங்கள் ஒழுங்கற்ற கால இடைவெளிகளில் நிகழ்ந்துள்ளதால், முகட்டின் இருபுறமும் எதிரெதிர் முனைப்புடைய பட்டைகள் மாறிமாறிச் சமச்சீராக அமைகின்றன. இச்சமச்சீர்மை கடல்தரை விரிவாக்கக் கருதுகோளுக்கு வலுவான ஆதரவாகக் கொள்ளப்பட்டது. எனினும், விரிவாக்கத்தை இயக்கும் விசை எது என்பதை இது நிறுவவில்லை."

முதல் தடவை படித்தால் மூச்சு முட்டும். முட்டட்டும். இப்போது ஒவ்வொரு வாக்கியத்தின் வாலையும் மட்டும் பாருங்கள். பெறுகின்றன. அமைகின்றன. கொள்ளப்பட்டது. நிறுவவில்லை. அதாவது, எதுவோ எதையோ பெறுகிறது. அதனால் ஏதோ ஒன்று அமைகிறது. அதை எதற்கோ ஆதரவாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இன்னொன்றை அது நிறுவவில்லை. ஒரு அறிவியல் சொல்கூட இல்லாமல் பத்தியின் எலும்புக்கூடு கையில் வந்துவிட்டது. இது ஒரு சான்றைப் பற்றிய பத்தி, அந்தச் சான்றுக்கு ஓர் எல்லையும் உண்டு.

அடுத்து பெட்டிகள். 'பசால்ட்' என்பது உமிழப்பட்டுக் குளிரும் ஒன்று, ஆக உருகிய பாறையாக இருக்க வேண்டும். 'கியூரி வெப்பநிலை': ஏதோ ஒரு வெப்பநிலை, அதற்குக் கீழே போனால்தான் காந்தம் நிற்கும். இந்தப் பெயர் பியர் கியூரியைக் குறிக்கிறது. மேக்னடைட்டுக்கு அது சுமார் 580 டிகிரி செல்சியஸ். இரண்டும் தெரியாவிட்டாலும் பத்தி புரிவதில் ஒரு குறையும் இல்லை. ஆள் பெயர் தாங்கிய சொற்களைப் பார்த்து மிரளத் தேவையே இல்லை, பெயருக்குள் பொருள் எதுவும் ஒளிந்திருக்காது. 'மேக்னடைட்': குழம்புக்குள் இருக்கும், காந்தமாகக்கூடிய ஏதோ ஒரு துகள். 'எஞ்சு காந்தத்தன்மை': எஞ்சியிருக்கும், விட்டுப் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் காந்தம்.

பிறகு, பெயர்ச்சொல்லாக உறைந்துபோனவற்றைத் திரும்ப வினையாக்குவேன். 'தலைகீழாக்கங்கள் நிகழ்ந்துள்ளதால்' என்றால் பூமியின் காந்த வடக்கும் காந்தத் தெற்கும் அவ்வப்போது இடம் மாறியிருக்கின்றன. 'கடல்தரை விரிவாக்கம்' என்றால் கடலின் அடித்தரை விரிகிறது. அறிவியல் நடை கனப்பதற்குப் பாதிக் காரணம் இந்த உறைந்த வினைகள்தான். உருக்கினால் இளகிவிடும்.

கடைசியாகக் கை வேலை. இரண்டு மேசைகளை நெருக்கிப் போட்டு, நடுவில் உள்ள இடுக்கு வழியாகக் கீழிருந்து இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலே இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் ஒரே வேகத்தில் இழுக்கிறீர்கள். இடுக்கிலிருந்து வெளிவரும் பகுதிக்குக் கொஞ்ச நேரம் கறுப்பு, கொஞ்ச நேரம் வெள்ளை என்று வண்ணம் அடிக்கிறீர்கள். சற்று நேரம் கழித்துப் பார்த்தால், இரண்டு பக்கமும் ஒரே அகலத்தில், ஒரே வரிசையில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள். இடுக்குதான் முகடு, அதாவது குழம்பு வெளிவந்து புதுத் தரையாகும் கடலடி மலைத்தொடர்; வண்ணம்தான் காந்தத் திசை. இரண்டு பக்கமும் ஏன் ஒத்துப்போகின்றன என்பதற்கு இனி யாரும் உங்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. 1963இல் ஃபிரெட் வைனும் டிரம்மண்ட் மேத்யூஸும் வெளியிட்ட கருத்தின் சாரம் இவ்வளவுதான்.

ஒரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். காந்தப்புலம் கடைசியாகத் தலைகீழானது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன். அட்லாண்டிக் கடலில் ஒரு பக்கத்துத் தரை ஆண்டுக்குச் சுமார் 1.25 சென்டிமீட்டர் நகர்கிறது என்று கொண்டால், 9,75,000 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 10 கிலோமீட்டர். முகட்டிலிருந்து அவ்வளவு தூரத்தில் முதல் பட்டை முடியும். 'சமச்சீர்ப் பட்டைகள்' என்று வாயளவில் இருந்தது, நடந்து போகக்கூடிய தூரமாகிவிட்டது.

வினைமுற்றைப் பிடித்தால் போதும் என்கிறீர்கள். எல்லா வாக்கியத்துக்கும் இது செல்லுமா?

தமிழ் வாக்கியத்தின் உயிர் வாலில் இருக்கிறது, அதனால் பெரும்பாலும் செல்லும். எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள் என்பதும் அங்கேதான் தெரியும். 'ஏற்படுத்துகிறது', 'ஏற்படுத்தக்கூடும்', 'தொடர்புடையதாகக் காணப்படுகிறது' மூன்றும் மூன்று வெவ்வேறு உலகம். முதலாவது காரணம் என்கிறது. இரண்டாவது காரணமாக இருக்க வாய்ப்புண்டு என்கிறது. மூன்றாவது, இரண்டும் சேர்ந்து தென்படுகின்றன என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. எது எதை உண்டாக்கியது என்று வாயே திறக்கவில்லை. நாம் வேகமாகப் படிக்கும்போது மூன்றையும் 'காரணம்' என்றே விழுங்கிவிடுகிறோம்.

சிறிய சொற்களையும் கவனியுங்கள்: எனினும், மட்டுமே, தவிர, பெரும்பாலும், ஒப்பிடுகையில். நீளமான கலைச்சொல்லைத் தவறவிட்டால் ஒரு விவரம் போகும். 'எனினும்' போய்விட்டால் பத்தியின் திசையே போய்விடும்.

நன்கு தெரிந்த சொல்லே குழப்புகிறதே?

தெரியாத சொல்லைவிட ஆபத்தானது அதுதான், ஏனென்றால் அங்கே நாம் நிற்கவே மாட்டோம். இயற்பியலில் 'வேலை' என்றால் விசையால் ஒரு பொருள் நகர வேண்டும். தலையில் மூட்டையோடு அசையாமல் ஒரு மணி நேரம் நின்றால், மூட்டையின் மேல் நீங்கள் செய்த வேலை பூஜ்யம். (கழுத்து ஒப்புக்கொள்ளாது.) 'கோட்பாடு' என்பது பேச்சில் ஓர் ஊகம், அறிவியலில் நிறையச் சான்றுகள் தாங்கி நிற்கும் விளக்கம். அளவீட்டில் 'பிழை' என்பது யாரோ செய்த தவறைக் குறிக்காது, அளவு எவ்வளவு முன்னே பின்னே இருக்கலாம் என்பதைக் குறிக்கும். 'ஆர்கானிக்' என்றால் கடையில் ரசாயனம் போடாமல் விளைந்தது, வேதியியலில் ('கரிமச் சேர்மம்' என்பார்கள்) கார்பனை அடிப்படையாகக் கொண்டது. பெட்ரோலில் இருப்பவையும் கரிமச் சேர்மங்களே.

எல்லாவற்றிலும் அதிகம் ஏமாற்றுவது 'குறிப்பிடத்தக்க வேறுபாடு'. புள்ளியியலில் இதற்குப் பெரிய வேறுபாடு என்று பொருளில்லை. தற்செயலாக மட்டும் இப்படி வந்திருப்பது அரிது என்று பொருள். வேறுபாடு கடுகளவாகவும் இருக்கலாம்.

எண்களைக் கண்டாலே கண் தானாகத் தாண்டிவிடுகிறது. என்ன செய்வது?

தாண்டுங்கள், ஆனால் திரும்பி வாருங்கள். வந்ததும் ஒரே ஒரு கேள்வி: எதில் இவ்வளவு? "ஆபத்து 50 சதவீதம் அதிகரித்தது" என்று இருந்தால் பயமாக இருக்கும். 10,000 பேரில் 2 பேருக்கு வந்தது 3 பேருக்கு வந்தாலும் அது 50 சதவீத உயர்வுதான். 10,000இல் 2,000 என்பது 3,000 ஆனாலும் 50 சதவீதம்தான். அடித்தளத்தில் உள்ள எண் பத்தியில் இல்லையென்றால், அந்தச் சதவீதத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பெரிய எண்களுக்கு, தெரிந்த ஒன்றாக மாற்றிக்கொள்வது உதவும். 10 லட்சம் நொடி என்பது சுமார் பதினொன்றரை நாள். 100 கோடி நொடி என்பது 31 ஆண்டுகளுக்கும் மேல். பத்தியில் இரண்டும் வெறும் 'மிகப் பெரிய எண்' போலவே தெரியும்.

வரைபடங்களும் சூத்திரங்களும்?

வரைபடத்தில் கோட்டைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் கிடை அச்சு எதைக் காட்டுகிறது, செங்குத்து அச்சு எதைக் காட்டுகிறது, பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். சில அளவுகோல்களில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. அமிலத்தன்மையைச் சொல்லும் பிஎச் அளவு அப்படிப்பட்டது (அதில் எண் குறைந்தால் அமிலத்தன்மை கூடும்): பிஎச் 4 உள்ள திரவத்தில் ஹைட்ரஜன் அயனிச் செறிவு, பிஎச் 6 உள்ளதைப்போல 100 மடங்கு. நிலநடுக்க அளவில் ஒரு எண் கூடினால் அதிர்வின் வீச்சு 10 மடங்கு, வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு.

சூத்திரத்தை வாக்கியமாகப் படியுங்கள். மேலே இருப்பது கூடினால் விடை கூடும், கீழே இருப்பது கூடினால் விடை குறையும். ஈர்ப்பு விசைக்கான சூத்திரத்தில் இரண்டு நிறைகளும் மேலே, தூரத்தின் வர்க்கம் கீழே. ஆகவே, கனமான பொருள்கள் பலமாக இழுக்கும். தூரம் இரட்டித்தால் விசை நான்கில் ஒரு பங்காகும். கணக்குப் போடத் தெரியாவிட்டாலும் இவ்வளவு போதும்.

கோடு போட்டுக் கோடு போட்டுப் படிக்கிறேன். மறுநாள் ஒன்றும் நினைவில்லை.

கோடு போடுவது கைக்குத் திருப்தி தரும், மூளைக்கு அவ்வளவாகப் போய்ச் சேராது. 2013இல் டன்லாஸ்கியும் சக ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு உத்திகளை எடைபோட்டார்கள். கோடிடுதலும் திரும்பத் திரும்பப் படித்தலும் குறைந்த பயன் தரும் வரிசையில் வந்தன. தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே வந்தன.

2006இல் ரோடிகர், கார்பிக்கி இருவரும் செய்த சோதனை இன்னும் சுவாரசியமானது. ஒரு குழு உரைப் பகுதியைத் திரும்பப் படித்தது. மற்றொரு குழு மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னிலை. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை மாறிவிட்டது, எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். திரும்பப் படிப்பது பலன் தருவதாக நமக்குத் தோன்றுவதற்குக் காரணம் அந்த முதல் ஐந்து நிமிடம்தான்.

அதனால் பத்தி முடிந்ததும் மூடிவிட்டு மூன்று வரி எழுதுங்கள். பார்த்து எழுதக் கூடாது, அவ்வளவுதான் விதி.

புரிந்துவிட்டதா, புரிந்ததுபோல் தோன்றுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

2002இல் ரோசன்பிளிட், கீல் என்ற ஆய்வாளர்கள் சிலரிடம், ஜிப் எப்படி இயங்குகிறது போன்றவை உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று மதிப்பெண் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். தாராளமாகப் போட்டுக்கொண்டார்கள். பிறகு படிப்படியாக விளக்கி எழுதச் சொன்னதும், தாங்களே தங்கள் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டார்கள். நமக்கும் இதே கதிதான்.

நான் நம்பும் சோதனை 'இப்படி இல்லாவிட்டால்?' என்று கேட்பது. மேலே பார்த்த பத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். பூமியின் காந்தப்புலம் ஒருபோதும் தலைகீழாகவே இல்லை என்றால் என்ன ஆகும்? "கடல்தரை விரியாது" என்று பதில் வந்தால் பத்தி புரியவில்லை. தரை அப்போதும் விரியும். பட்டைகள் இருக்காது, நம் கையில் இந்தச் சான்று இருக்காது. காரணத்தையும் சான்றையும் பிரித்துப் பார்க்க முடிகிறதா என்பது இந்த ஒரு கேள்வியில் வெளிச்சமாகிவிடும்.

தேர்வில் இவ்வளவுக்கெல்லாம் நேரம் ஏது?

பெட்டி வரைவதும் வாலைப் பார்ப்பதும் பழகிவிட்டால் தனியாக நேரம் பிடிக்காது. மேசை, காகிதம், கணக்கு எல்லாம் வீட்டுப் பயிற்சிக்கு. தேர்வில் கேள்விகளை மட்டும் முன்னதாக ஒரு பார்வை பார்க்கலாம். விடைத் தெரிவுகளைப் பார்க்க வேண்டாம், அவற்றில் மூன்று பொய். பொய்யை மனதில் ஏற்றிக்கொண்டு பத்திக்குள் போவானேன்?

தவறான தெரிவுகளில் அடிக்கடி வரும் வேஷங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் உண்மைதான், ஆனால் பத்தியில் சொல்லப்படவில்லை என்பது ஒன்று. அறிவியல் தெரிந்தவர்கள் இதில்தான் விழுவார்கள், இங்கே நமக்குத்தான் லாபம். பத்தி 'கூடும்' என்றதை 'எப்போதும்' என்று முறுக்கேற்றுவது இன்னொன்று. மூன்றாவது, காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றுவது: "காந்தத் தலைகீழாக்கமே கடல்தரையை விரியச் செய்கிறது" என்பதுபோல. எல்லாச் சொற்களும் பத்தியில் இருக்கும், உறவு மட்டும் புரண்டிருக்கும்.

ஆய்வுக் கட்டுரையையே நேராகப் படிக்க ஆசை. எப்படி?

முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள். சுருக்கம், பிறகு முன்னுரையின் கடைசிப் பத்தி (என்ன கேள்வி என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்), பிறகு படங்களும் அவற்றின் கீழுள்ள குறிப்புகளும், பிறகு முடிவுகள் பற்றிய விவாதம். செய்முறைப் பகுதியில் உங்களுக்குத் தேவையானவை கொஞ்சம்தான்: சோதனை எலியிலா, மனிதரிலா, கண்ணாடிக் குழாயிலா? எத்தனை பேர்? யாரோடு ஒப்பிட்டார்கள்? செய்தியில் "மருந்து கண்டுபிடிப்பு" என்று வருவதில் பாதி இந்த இடத்திலேயே அடங்கிவிடும். சக ஆய்வாளர்கள் மதிப்பிட்ட பிறகு வெளிவந்ததா, அதற்கு முன்பே இணையத்தில் ஏற்றப்பட்ட முன்வரைவா என்றும் பாருங்கள்.

நீளத்தை வைத்துப் பயப்படவும் வேண்டாம், தைரியப்படவும் வேண்டாம். டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவத்தை வாட்சனும் கிரிக்கும் 1953இல் அறிவித்த கட்டுரை ஒரு பக்கத்துக்குச் சற்றே கூடுதல். எளிது என்று சொல்ல மாட்டேன்.

திரையில் படிப்பதா, தாளிலா?

முக்கியமானதைத் தாளில். 2018இல் 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தாளுக்குச் சிறிய அனுகூலம் இருந்தது. நேர நெருக்கடி இருந்தபோது அது இன்னும் கூடியது. கதை படிப்பதில் அந்த வேறுபாடு தெரியவில்லை. பெட்டி வரைய வசதி என்பது என் சொந்தக் காரணம்.

தமிழில் படிப்பது நல்லதா, ஆங்கிலத்திலா?

புரிந்துகொள்வதற்குத் தமிழ், தேடுவதற்கு இரண்டும். தமிழ்க் கலைச்சொற்களில் பல தங்களைத் தாங்களே விளக்கிக்கொள்பவை. 'ஒளிச்சேர்க்கை' என்ற சொல்லிலேயே ஒளி இருக்கிறது, சேர்ப்பது இருக்கிறது. 'வளிமண்டலம்', 'எதிர்ப்பொருள்' எல்லாம் அப்படித்தான். பிரித்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் அகராதிச் செலவு மிச்சம்.

சிக்கல் என்னவென்றால் ஒரே பொருளுக்கு நாலு பெயர். ஆக்ஸிஜன், பிராணவாயு, உயிர்வளி எல்லாம் ஒன்றுதான். இலங்கைப் பாடநூலைத் திறந்தால் ஒட்சிசன். நம் நொதி அங்கே நொதியம், ஒளிச்சேர்க்கை அங்கே ஒளித்தொகுப்பு. புதுப் பெயரைக் கண்டதும் புதுப் பொருள் என்று எண்ணிவிடாமல், நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி எல்லாப் பெயர்களையும் ஒரே வரியில் எழுதி வையுங்கள்.

சாட்பாட்டிடம் கொடுத்துச் சுருக்கி வாங்கிவிட்டால் என்ன?

வாங்கலாம், நீங்கள் உங்கள் மூன்று வரியை எழுதிய பிறகு. சுருக்கம் என்றாலே, மனிதர் செய்தாலும் இயந்திரம் செய்தாலும், முதலில் வெட்டுப்படுவது 'எனினும்' தொடங்கும் வாக்கியம். நம் பத்தியில் அந்தக் கடைசி வாக்கியம் போனால் என்ன மிஞ்சும் என்று பாருங்கள்: ஏதோ எல்லாம் நிரூபணமாகிவிட்டதுபோல் இருக்கும். "இந்தச் சான்று எதை நிறுவவில்லை?" என்று தனியாகக் கேளுங்கள். பதிலை மூலப் பத்தியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம்பிக்கையாகப் பேசுவதற்கும் சரியாகச் சொல்வதற்கும் சம்பந்தமில்லை.

எல்லாம் செய்தும் ஒரு பத்தி பிடிகொடுக்கவே இல்லை என்றால்?

எந்த வாக்கியத்தில் அறுந்தது என்று பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். 'புரியவில்லை' என்பதை 'இந்த வாக்கியத்தில், இந்தப் பெட்டி' என்று குறுக்கிவிட்டால், கேட்க ஒரு கேள்வி கிடைத்துவிடும். அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் சிறுவர் கலைக்களஞ்சியத்தையோ பள்ளிப் பாடநூலையோ எடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, என் மேசை இழுப்பறையில் எட்டாம் வகுப்பு அறிவியல் நூல் ஒன்று அட்டை கிழிந்து கிடக்கிறது, வாரம் இரண்டு தடவையாவது வெளியே வரும். முதல் கேள்வியில் சொன்ன பின்னணி அறிவு இப்படித்தான் சேரும், ஒரு பெட்டி, அப்புறம் இன்னொரு பெட்டி. ஒரே துறையில் தொடர்ந்து ஐந்தாறு பத்திகள் படித்தால், ஆறாவதில் பழைய பெட்டிகளே திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால், எழுதியவர் சரியாக எழுதவில்லை என்ற வாய்ப்பையும் கொஞ்சம் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பிழைதிருத்துகிறவன் சொல்கிறேன், அது நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.